பொறுத்துக்கொள் என்ற பாடம்: பாமாவின் ‘கருக்கு’ – ஒரு மறுவாசிப்பு

பாமாவின் ‘கருக்கு’ இன்று பல கல்லூரிகளில் பாடநூல். தமிழ் வகுப்பில் மூலமாகவும் ஆங்கில வகுப்பில் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் மொழிபெயர்ப்பாகவும் மாணவிகள் அதைப் படிக்கிறார்கள். தேர்வுத்தாளில் அதன் சுருக்கம் பெரும்பாலும் மூன்று வாக்கியங்களில் முடிந்துவிடும்: ஒரு தலித் கிறிஸ்தவப் பெண் கன்னியர் மடத்தில் சேர்ந்தார், அங்கேயும் சாதி இருப்பதைக் கண்டார், நம்பிக்கை இழந்து வெளியேறினார். முதல் இரண்டு வாக்கியங்களுக்கும் முழு மதிப்பெண் போடலாம். மூன்றாவதைத் திருத்தவேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

தமிழில் ‘நம்பிக்கை’ என்ற சொல்லே இங்கே கொஞ்சம் குழப்பம் தருகிறது. கடவுள்மேல் வைப்பதும் நம்பிக்கை. நாளை நல்லது நடக்கும் என்று எண்ணுவதும் நம்பிக்கை. பழைய வேதாகமத் தமிழ் முதலாவதை விசுவாசம் என்றும் இரண்டாவதை நம்பிக்கை என்றும் பிரித்தது. 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு முதலாவதை நம்பிக்கை என்றும் இரண்டாவதை எதிர்நோக்கு என்றும் சொல்கிறது. 2025 யூபிலி ஆண்டின் மையச் சொல்லாகக் கத்தோலிக்கக் கோயில்களில் ஒலித்தது இந்த எதிர்நோக்குதான். பாமா மடத்தில் எதை இழந்தார், வெளியே வரும்போது எதைக் கையோடு எடுத்துவந்தார் என்று கேட்பதற்கு இந்த இரண்டு சொற்களும் நமக்குத் தேவை. ‘கருக்கு’ சாதியைப் பற்றிய சாட்சியமாக நிறைய வாசிக்கப்பட்டிருக்கிறது. துன்பத்தில் இருப்பவள் கடவுளிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று விடாமல் கேட்கிற நூலாக வாசிக்கப்பட்டது குறைவு.

1992இல் வெளிவந்த இந்த நூல் கால வரிசையில் நகர்வதில்லை. ஊர், வேலை, விளையாட்டு, படிப்பு, கோயில் என்று ஒவ்வொரு வட்டமாகச் சுற்றிவருகிறது. ஒரே வாழ்க்கைதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய சுற்றில் கண்ணில் படாத ஒரு காயம் தெரிகிறது. கோயிலைச் சுற்றிய வட்டத்தில் நாம் பார்க்கும் சிறுமி பக்தியானவள். பூசை, செபமாலை, ஞானஉபதேசம், பாவசங்கீர்த்தனம், புதுநன்மை என்று அவளுடைய நாட்கள் கோயில் மணியோடு நகர்கின்றன. அந்தப் பக்தி பயத்தால் பிசையப்பட்டிருக்கிறது. பேயிடம் பயம், நரகத்திடம் பயம், சாமியாரிடம் பயம், பூசைக்குப் போகாவிட்டால் அடிக்கிற சிஸ்டரிடம் பயம். கடவுள் நேசிக்கிறார் என்று சொல்லித்தரும் கையிலேயே பிரம்பும் இருக்கிறது.

அதே ஊரில் அவளுடைய பாட்டி நாயக்கர் வீட்டில் வேலை செய்கிறார். விடியும் முன்னே எழுந்து போய் உழைத்துவிட்டு, முதல்நாள் மீந்த சோற்றை வாங்கி வருகிறார். கை பட்டுவிடக் கூடாது என்று எட்டி நின்று ஊற்றப்படும் சோறு அது. பேத்திக்குக் கோபம் வருகிறது. பாட்டிக்கு வருவதில்லை. அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படியளக்கிறவர்கள், அவர்களை விட்டால் நமக்கு யார் என்கிறார் பாட்டி. இந்தப் பாட்டியை அறியாமையின் உருவமாக வாசித்துவிட்டுக் கடந்துபோவது எளிது. ஆனால் அவருடைய பொறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இரண்டு ஊற்றுகள் தெரிகின்றன. ஒன்று, கூலி கொடுப்பவனைப் பகைத்தால் அடுப்பு எரியாது என்ற கணக்கு. அந்தக் கணக்கில் தவறில்லை. மற்றொன்று, ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயிலில் கேட்டுவந்த பாடம்: தாழ்மையாக இரு, பொறுத்துக்கொள், உன் கைம்மாறு மோட்சத்தில் இருக்கிறது. நிலம் வைத்திருப்பவனுக்கு இந்தப் பாடத்தால் ஒரு நட்டமும் இல்லை. நிலத்தில் குனிந்து நிற்பவளுக்குத்தான் அது நிமிர்வதற்குத் தடை.

பள்ளிக்கூடத்துத் தேங்காய் நிகழ்ச்சியை இதோடு சேர்த்து வாசிக்கவேண்டும். பிள்ளைகள் மரமேறி விளையாடுகிறார்கள். ஒரு தேங்காய் விழுகிறது. பாமாதான் திருடினாள் என்று தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் ஏசிப் பள்ளியைவிட்டு வெளியே அனுப்புகிறார். அவள் நியாயம் கேட்டுப் போகுமிடம் பங்குச்சாமியார். அவரோ, சேரிப் பிள்ளைதானே, செய்திருந்தாலும் செய்திருப்பாய் என்ற பொருளில் பேசிவிட்டு, பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு சீட்டும் எழுதித் தருகிறார். உதவியும் அவமானமும் ஒரே தாளில் வருகின்றன. சாமியாரை இங்கே வில்லனாகப் பாமா வரையவில்லை. அவர் இரக்கம் காட்டுகிறார்; நீதி செய்ய மறுக்கிறார். திருச்சபையின்மேல் ‘கருக்கு’ வைக்கும் குற்றச்சாட்டு முழுவதும் இந்தச் சிறு நிகழ்ச்சியிலேயே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தர்மம் கிடைக்கும், நியாயம் கிடைக்காது.

இத்தனையும் பட்ட பிறகு ஏன் அவர் மடத்தில் சேர்ந்தார்? மாணவிகள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. படிப்பு முடித்து ஆசிரியையாக இருந்தபோது, சிஸ்டர்கள் தலித் பிள்ளைகளை நடத்தும் விதத்தை அவர் நேரில் பார்த்திருக்கிறார். ஆனாலும் ஒரு துறவறசபையைத் தொடங்கிய பெண்மணி ஏழைகளுக்காகவே வாழ்ந்தவர் என்று படித்தது அவரை இழுக்கிறது. அந்தப் பெண்மணியைப் போலத் தானும் தன் சனங்களின் பிள்ளைகளுக்காக உழைக்கலாம் என்று நினைத்து, கிடைத்த வேலையையும் சம்பளத்தையும் விட்டுவிட்டுப் போகிறார். இதை ஏமாளித்தனம் என்று சொல்ல மாட்டேன். தங்கள் கையில் எந்த நிறுவனமும் இல்லாத பெண்கள், இருக்கிற நிறுவனம் ஒன்றை அதன் மூல வாக்குறுதியை வைத்து மடக்கிப் பார்ப்பது எதிர்நோக்கின் ஒரு வடிவம்தான். நீ சொன்னதை நான் நம்பி வந்திருக்கிறேன், இப்போது செய்து காட்டு என்று வாசலில் நிற்பது அது.

மடம் செய்து காட்டவில்லை. பயிற்சிக் காலத்திலேயே ஒரு சிஸ்டர், சில சபைகளில் அரிசனப் பெண்களைச் சேர்ப்பதில்லை, அவர்களுக்கென்று எங்கோ தனிச் சபை இருக்கிறது என்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் பாமாவின் உயிர் பதறுகிறது. தான் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. பிறகு அவரை அனுப்புவது வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு. நூலின் கூர்மையான பகுதி இதற்குப் பின் வருகிறது. துறவிகள் எடுக்கும் வார்த்தைப்பாடுகள் மூன்று: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள் வேளைக்கு நல்ல சாப்பாடும் படுக்கையும் பாதுகாப்புமாக வாழ்கிறார்கள். வார்த்தைப்பாடு எதுவும் எடுக்காமலே ஏழ்மையில் பிறந்து ஏழ்மையில் சாகிறவர்கள் மதிலுக்கு வெளியே நிற்கிறார்கள். கீழ்ப்படிதல் மட்டும் அப்பழுக்கில்லாமல் கடைப்பிடிக்கப்படுகிறது. கேள்வி கேட்டால் அகங்காரம். வாய்மூடி இருந்தால் தாழ்ச்சி.

இங்கே பெண்ணிய வாசிப்பு சற்று நிதானிக்க வேண்டும். மடம் என்பது பெண்களே பெண்களை நிர்வகிக்கும் இடம். கல்யாணம், பிள்ளைப்பேறு, மாமியார் வீடு எல்லாவற்றிலிருந்தும் விலகிப் படிக்கவும் வேலை செய்யவும் தலைமை தாங்கவும் பெண்ணுக்குக் கிடைத்த அபூர்வமான வெளி. அந்த வெளியில் சாதி எப்படிக் குடியேறுகிறது என்பதைத் தமிழில் உள்ளிருந்து காட்டிய நூல் ‘கருக்கு’. எல்லாரும் சகோதரிகள் என்று அழைத்துக்கொள்வதாலேயே சகோதரித்துவம் வந்துவிடாது என்பதைப் பெண்ணிய இயக்கங்களும் இந்தப் பக்கங்களில் கற்றுக்கொள்ளலாம். திருச்சபையின் மாலைச் செபத்தில் ஒவ்வொரு நாளும் மரியாவின் பாடல் இடம்பெறுகிறது. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இருக்கும் அந்தப் பாடலில் கிராமத்துப் பெண் ஒருத்தி, அதிகாரத்தில் இருப்பவர்கள் இறக்கப்படுவதையும் தாழ்ந்தவர்கள் உயர்த்தப்படுவதையும் பசித்தவர்கள் நிறைவதையும் நடந்து முடிந்த காரியம்போலப் பாடுகிறாள். அதைத் தினமும் பாடியபடியே ஒரு மடம் சாதி பார்க்க முடியுமானால், பாட்டு எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

பாமா கேட்கிறார். தனக்குச் சொல்லித்தரப்பட்ட கடவுளின் பட்டியலை அவர் சரிபார்க்கிறார். அன்பானவர், இரக்கமுள்ளவர், பாவிகளை மன்னிக்கிறவர், சாந்தமானவர் – எல்லாம் இருக்கிறது. அவர் நீதியுள்ளவர், அநியாயத்தைக் கண்டு கோபப்படுகிறவர், பொய்யை எதிர்க்கிறவர் என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்லித்தரவில்லை. இயேசுவின் வாழ்க்கையில் அது இல்லாமல் இல்லை, பாடத்தில்தான் இல்லை. இந்த இடத்தில் பாமா கடவுளை மறுக்கவில்லை. கடவுளைப் பாதியாக வெட்டித் தந்தவர்களைக் குற்றம் சாட்டுகிறார். முன்னுரையிலேயே பனங்கருக்கின் இருபுறப் பற்களையும், விவிலியம் இறைவார்த்தையை ஒப்பிடும் இருபுறமும் கூர்மையான வாளையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறார். நூலின் தலைப்பே ஒரு விவிலிய வாசிப்பு. நம்பிக்கை இழந்தவர் தன் முதல் நூலுக்கு இப்படிப் பெயர் வைக்க மாட்டார்.

சுமார் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் வெளியேறும்போது கையில் வேலை இல்லை, பணம் இல்லை, திரும்பிப் போனால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பதற்றம் இருக்கிறது. சிறகொடிந்த பறவையாகத் தன்னை உணர்கிறார். மடத்தின் பாதுகாப்பும் போய்விட்டது. வெளியுலகின் பழக்கமும் விட்டுப்போய்விட்டது. வெற்றி பெற்ற ஒருத்தியின் கதையாக நூலை முடிக்க அவருக்கு எத்தனையோ வழி இருந்திருக்கும். அவர் அப்படி முடிக்கவில்லை. பொய்யாகச் சிரித்துக்கொண்டு வாழ்வதைவிட உண்மையாக அழுதுகொண்டு வாழ்வது மேல் என்ற ஆறுதலோடு நிறுத்துகிறார். தேர்வுத்தாளின் ‘நம்பிக்கை இழந்தார்’ என்ற வாக்கியம் இந்த முடிவைப் பார்த்துதான் எழுதப்படுகிறது என்று நினைக்கிறேன். அழுகையைக் கண்டதும் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறோம். கிறிஸ்தவ மேடைகளிலும் அப்படித்தான்: சாட்சி சொல்ல வருபவள் கஷ்டத்தில் தொடங்கிச் சந்தோஷத்தில் முடிக்கவேண்டும், நடுவில் ஓர் அற்புதம் நடந்திருக்கவேண்டும். கஷ்டம் தீராதவளுக்கு அந்த மேடையில் இடமில்லை. பாமா கஷ்டம் தீராத நிலையிலேயே சாட்சி சொல்கிறார். துன்பத்தைத் துன்பம் என்று சொல்லும் உரிமையிலிருந்து அவருடைய எதிர்நோக்கு தொடங்குகிறது.

இதைக் கோட்பாட்டு மொழியில் எப்படிப் புரிந்துகொள்வது? 1980களில் பெங்களூரில் இறையியல் பேராசிரியராக இருந்த ஏ.பி. நிர்மல் தலித் இறையியலுக்கு அடித்தளமிட்டவர்களில் முக்கியமானவர். தலித் மக்களின் வேதனையே அந்த இறையியலின் தொடக்கம் என்றார். ஊழியம் செய்கிற, துன்புறுகிற கடவுளைத் தலித் மக்களின் கடவுளாகக் கண்டார். கூட்டிப் பெருக்குகிறவர்களையும் தோட்டிவேலை செய்கிறவர்களையும் போலக் கடவுளும் ஊழியக்காரர் என்பது அந்தக் காலத்தில் பெரிய துணிச்சல். ஆனால் நாயக்கர் வீட்டுத் தொழுவத்தில் நிற்கும் பாட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு சங்கடம் வருகிறது. ஊழியம் செய்வதைத்தானே அவரிடம் ஆயுள் முழுக்க எல்லாரும் எதிர்பார்த்தார்கள்? நிலக்காரர் எதிர்பார்த்தார், புருசன் எதிர்பார்த்தான், கோயில் எதிர்பார்த்தது. கடவுளும் ஊழியம் செய்கிறவர்தான் என்று சொன்னால் பாட்டியின் மனம் ஆறலாம், வேலைப்பளு குறையுமா?

அமெரிக்கக் கறுப்பினப் பெண் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் தன் மக்களின் அனுபவத்திலிருந்து இதே கேள்விக்கு வந்து சேர்ந்தார். 1993இல் வந்த அவருடைய நூலின் நாயகி தொடக்கநூலில் வரும் ஆகார். ஆபிரகாம் வீட்டு அடிமைப்பெண். எசமானிக்குப் பதிலாகப் பிள்ளை பெற்றுத்தர வைக்கப்பட்டவள். பிறகு பிள்ளையோடு பாலைவனத்துக்குத் துரத்தப்பட்டவள். கடவுள் ஆகாரை விடுதலை செய்யவில்லை என்பதை வில்லியம்ஸ் ஒளிக்காமல் சொல்கிறார். முதல் தடவை ஓடிப்போனபோது திரும்பிப் போகச் சொல்கிறார். இரண்டாம் தடவை ஒரு கிணற்றைக் காட்டுகிறார். பிழைத்துக்கிடக்க ஒரு வழி, அவ்வளவுதான். ஆனால் அந்த ஆகார்தான் தன்னைக் கண்ட கடவுளுக்குத் தானே ஒரு பெயர் வைக்கிறாள். பிறருக்குப் பதிலாகத் துன்பப்படுவதில் புனிதம் எதுவும் இல்லை என்பது வில்லியம்ஸின் வாதம். ஆகாரைப் போலவே மடத்தைவிட்டு வந்த பாமாவுக்கும் விடுதலை கிடைத்துவிடவில்லை. பிழைத்திருக்கிறார். தன் கடவுளுக்குத் தானே பெயர் சொல்கிறார்.

‘கருக்கு’வுக்குள் ஒரு கிணறு இருக்கிறது; பாமா அதற்கு விளக்கவுரை எழுதாமல் விட்டுவிடுகிறார். கல்லறைத் தோட்டம் தொடர்பாகச் சாலியர் தெருவோடு சண்டை வந்து, போலீஸ் பறத்தெருவுக்குள் புகுந்து அடிக்கிறது. ஆண்கள் தலைமறைவாகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு சிறுவன் இறந்துபோகிறான். தகப்பன் ஒளிந்திருக்கிறான்; வந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். தெருப் பெண்கள் சேர்ந்து அந்தத் தகப்பனுக்குச் சேலை கட்டி, பெண்களோடு பெண்ணாக அழைத்துவந்து பிள்ளையின் முகத்தைப் பார்க்க வைக்கிறார்கள். மரணத்தின் நடுவே, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி, ஒரு சேலையை வைத்து அந்தப் பெண்கள் செய்த காரியத்தைவிட நல்ல அடக்கப் பூசை எதுவும் இந்த நூலில் இல்லை. மடத்துக்குள் பாமா தேடிப்போனது அவர் பிறந்த தெருவிலேயே இருந்திருக்கிறது. ‘கருக்கு’ தனியாக அழுதுகொண்டு முடிகிறது என்பதுதான் அதன்மேல் எனக்குள்ள குறை. அந்தச் சேலை அவருடைய கடைசிப் பக்கங்கள்வரை வந்திருக்கலாம்.

இரண்டு ஆண்டு கழித்து, 1994இல் வந்த ‘சங்கதி’யில் அந்தக் குறை தீர்கிறது. இதில் ‘நான்’ பின்னால் போய்விடுகிறது; பாட்டிகளும் அத்தைகளும் தோழிகளும் பேசுகிறார்கள். பம்புசெட்டில் தண்ணீர் குடிக்கப் போன மாரியம்மாவை நிலக்காரர் கையைப் பிடித்து இழுக்கிறார். அவள் தப்பி ஓடிவர, அவர் முந்திக்கொண்டு அவள்மேலேயே பழிபோடுகிறார். ஊர்க்கூட்டத்தில் பேச அவளுக்கு வாய்ப்பில்லை. கூட்டுச் சேர்த்துப் பேசப்பட்ட பையனைவிட அவளுக்கு அபராதம் அதிகம். சாதிக்கும் ஆணுக்கும் நடுவே அவள் நசுங்குவதை எழுதியதோடு பாமா நிற்கவில்லை. மதம் எங்கே வந்து நிற்கிறது என்றும் காட்டுகிறார். அடித்து உதைக்கும் புருசனைப் பிற சாதி, பிற மதப் பெண்கள் தீர்த்துவிட்டுப் போகலாம். கோயிலில் கல்யாணம் முடித்த கத்தோலிக்கப் பெண்ணுக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. சாகும்வரை பொறுத்துக்கொள் என்ற பாடம் இங்கே சட்டமாகவே வந்துவிடுகிறது. அப்படியும் அந்தப் பெண்கள் பாட்டுக் கட்டுகிறார்கள், வையிறார்கள், ஒருவரையொருவர் கேலி பண்ணிச் சிரிக்கிறார்கள். இந்தச் சிரிப்பு மடத்தில் சிரிக்கச் சொன்ன சிரிப்பில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர் என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிந்தது. தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை இல்லை. அரசு நீ கிறிஸ்தவள் என்கிறது. கோயில் நீ சேரிப்பெண் என்கிறது. திருச்சிக் கல்லறையில் சாதிச் சுவர் இருப்பது ஊரறிந்த செய்தி. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. ‘கருக்கு’ வந்து இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. ‘கருக்கு’வை முதலில் வெளியிட்டது மதுரையில் சேசு சபையினரோடு தொடர்புடைய ஐடியாஸ் மையம் என்பதையும் சொல்லவேண்டும். திருச்சபையை எதிர்த்து எழுந்த குரலுக்கு அதன் ஒரு மூலையிலேயே அச்சு இயந்திரம் கிடைத்தது. நிறுவனத்தை ஒரே கல்லாகப் பார்ப்பவர்களுக்கு இது இடைஞ்சலான தகவல். அங்கேயும் மேல் கீழ் உண்டு, உள்ளே நடக்கும் சண்டை உண்டு.

பாமா மதத்தையே தூக்கிப் போட்டிருக்கலாமே என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அந்த ஆசையின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு பெண் எதை நம்பவேண்டும் என்று வெளியிலிருந்து தீர்மானிப்பதைத்தான் சாமியாரும் செய்தார். செபமாலையோடு வேலைக்குப் போய், உடைந்து திரும்பி, மறுநாளும் போகிற ஆயிரக்கணக்கான பெண்களின் நம்பிக்கையை மூடத்தனம் என்று தள்ளினால், அவர்கள் அதற்குள்ளிருந்தே திரட்டும் கோபமும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கேட்கவேண்டிய கேள்வி வேறு: அவளுடைய நம்பிக்கை அவளைக் குனிய வைக்கிறதா, நிமிர வைக்கிறதா? பாட்டிக்குக் கற்றுத்தந்தது குனிய வைத்தது. பேத்தி அதே வேதத்திலிருந்து நிமிரும் வழியைத் தேடி எடுத்தார். எதிர்நோக்கு என்ற சொல்லில் இருக்கிற ‘எதிர்’, எதிர்காலத்திலும் இருக்கிறது, எதிர்ப்பிலும் இருக்கிறது.

ஆகவே தேர்வுத்தாளின் மூன்றாவது வாக்கியத்தை இப்படித் திருத்தலாம்: பொறுத்துக்கொள்ளச் சொன்னவர்கள்மேல் வைத்திருந்த நம்பிக்கையை இழந்து, நியாயம் கேட்கிற கடவுளோடு வெளியேறினார். கொஞ்சம் நீளம்தான். எழுதினால் மதிப்பெண் தருவேன்.